பட்டணத்தில் எங்கே தங்குவது?

வெளியூர் போகிறோம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. முறுக்கு சுட்டாகிவிட்டது. பெட்டியும் கட்டியாகிவிட்டது.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை.

"எங்கே தங்குவது?"

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்!" என்கிறார் குடும்பத் தலைவர்.

அங்கேதான் வருகிறது வினை! துணி எடுக்க வைத்திருந்த பணம் ஆட்டோவுக்குப் போகிறது. பாட்டிக்குக் கால் வீங்குகிறது. குழந்தை அழுகிறது. மூன்று நாள் பயணத்தில் ஒன்றரை நாள் தெருவிலேயே கழிகிறது.

பட்டணத்தில் எந்தப் பகுதியில் தங்குவது என்பதை, பெட்டி கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பெயரிலேயே தங்கல்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருத்தங்கலை எடுத்துக்கொள்வோம்.

"தங்கல்" என்ற சொல் அந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது. திருமகள் அங்கே தங்கித் தவம் செய்ததாகத் தல புராணம் சொல்கிறது. மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள் கோவில் கொண்டிருக்கிறார். வைணவத் திருப்பதிகள் 108-ல் அதுவும் ஒன்று.

2021-ல் திருத்தங்கலும் சிவகாசியும் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டன. ஆகவே திருத்தங்கல்காரர்களும் இப்போது மாநகரவாசிகள்தான்!

ஆனாலும் என்ன? கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை போக வேண்டும். கல்யாணச் சேலை எடுக்கவும், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும், பிள்ளையை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துப் போகவும் சென்னை போக வேண்டும்.

பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பங்கள் எப்போது ஊருக்குப் போகின்றன? தீபாவளிக்குப் பிறகு! போனஸ் கையில் இருக்கும். ஆலைகளும் சில நாட்கள் மூடியிருக்கும். ஒத்திப் போட்ட வேலைகளை எல்லாம் அப்போதுதான் முடிக்க முடியும்.

அந்தப் பணம் ஓராண்டு உழைப்பு. அதை வீணாகத் தெருவில் கொட்டலாமா?

ஒரு குடும்பத்தின் கதை

ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, கல்யாணத்துக்கு இருக்கும் மகள், பத்து வயதுப் பையன்.

சேலை எடுக்க வேண்டும். பாட்டிக்குத் திருவல்லிக்கேணிப் பெருமாளைச் சேவிக்க ஆசை. பையனுக்குக் கடல் பார்க்க ஆசை.

பஸ்ஸில் போய் இறங்குகிறார்கள். எங்கே? கோயம்பேட்டில் என்று நினைத்தால் தவறு! 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென் மாவட்ட அரசு பஸ்களுக்கு அதுதான் நிலையம். அது வண்டலூருக்குப் பக்கம். அங்கிருந்து எழும்பூருக்கு முப்பது கிலோ மீட்டருக்கு மேல்.

விடியற்காலை. தூக்கக் கலக்கம். அப்பா பார்க்கிறார். பக்கத்திலேயே ஒரு லாட்ஜ்.

"அண்ணாச்சி, ரூம் வாடகை எவ்வளவு?"

"ஆயிரத்து இருநூறு ரூபாய்தான் சார்."

"தியாகராய நகரில் என்றால்?"

"அங்கே ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையாது சார்!"

அறுநூறு ரூபாய் மிச்சம் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். அறையை எடுத்துவிடுகிறார்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் நிற்கும்?

கணக்குப் போடுவோம்

சேலைக் கடைகள் இருப்பது தியாகராய நகரில். கடல் இருப்பது மெரினாவில். தினமும் போக முப்பது கிலோ மீட்டர். வர முப்பது கிலோ மீட்டர்.

பாட்டியால் பஸ்ஸில் நிற்க முடியாது. ஆட்டோ அல்லது டாக்ஸி வேண்டும். போக ஐந்நூறு, வர ஐந்நூறு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆயிரம் ரூபாய் ஆயிற்று.

அறுநூறு மிச்சம் பிடித்தவர், ஆயிரம் செலவழித்தார். நானூறு நஷ்டம்!

நேரக் கணக்கும் பாருங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி என்றால், போக வர மூன்று மணி. மூன்று நாளுக்கு ஒன்பது மணி! அதாவது ஒரு பகல் பொழுது முழுவதும் போயிற்று.

மத்தியானம் பாட்டிக்குத் தலை சுற்றுகிறது. "அறைக்குப் போய்க் கொஞ்சம் படுக்கிறேன், ஐயா" என்கிறார். அறை எங்கே? முப்பது கிலோ மீட்டர் தூரத்தில்!

மலிவான அறை என்று எதைச் சொல்வது? வாடகையோடு வண்டிச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை எங்கே குறைகிறதோ, அதுதான் மலிவான அறை.

வேலை எங்கே, ஜாகை அங்கே!

இதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. படித்தவர், படிக்காதவர் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"வேலை எங்கே, ஜாகை அங்கே!"

எந்த வேலைக்காகப் போகிறோமோ, அந்த வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அல்ல.

ஒரு வேலை அல்ல, மூன்று வேலை இருந்தால்? அதிக நாள் எடுக்கும் வேலை எது என்று பாருங்கள். அதற்குப் பக்கத்தில் தங்குங்கள்.

மதுரையில் எப்படி?

திருத்தங்கலிலிருந்து மதுரை சுமார் 70 கிலோ மீட்டர். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரி வேலை என்றால் தங்கித்தான் ஆக வேண்டும்.

மதுரைக்கு நடுவே வைகை ஓடுகிறது. ரயில் நிலையமும், மீனாட்சி அம்மன் கோவிலும், மாசி வீதிகளும் ஆற்றுக்குத் தெற்கே. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியும், மாட்டுத்தாவணி பஸ் நிலையமும் ஆற்றுக்கு வடக்கே. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் வடகரையில் அண்ணா நகரில்தான் இருக்கிறது. 2004-ல் வந்த உயர் நீதிமன்றக் கிளை இன்னும் வடக்கே, மேலூர் சாலையில்.

கோவிலுக்கும் கடைவீதிக்கும் போகிறவர்கள் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள டவுன் ஹால் ரோடு பக்கம் தங்கலாம். நடந்தே கோவிலுக்குப் போகலாம்.

கண் காட்டவோ, ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ, கோர்ட்டு வேலைக்கோ போகிறவர்கள் வடகரையில் தங்க வேண்டும். கோவில் பக்கம் தங்கினால், தினமும் வைகைப் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டும். சித்திரைத் திருவிழாவின்போது கேட்கவே வேண்டாம்!

சென்னையில் எந்தப் பகுதி?

சென்னை, திருத்தங்கலிலிருந்து சுமார் 550 கிலோ மீட்டர். அங்கே நான்கு மதுரை இருக்கும்! அதனால் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

எழும்பூர்: தென் மாவட்ட ரயில்களுக்குப் பழக்கமான நிலையம். நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் லாட்ஜுகள் உண்டு. குழந்தைகள் ஆஸ்பத்திரியும், 1819-ல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான். மியூசியமும் பக்கம். மெட்ரோ ரயிலும் உண்டு. பையனுக்கு வைத்தியம் என்றால் எழும்பூரே நல்லது.

சென்ட்ரல், பெரியமேடு: ராஜீவ் காந்தி அரசுப் பொது ஆஸ்பத்திரி சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது. அங்கே வேலை என்றால் இங்கே தங்குங்கள். நெரிசலும் இரைச்சலும் அதிகம். தெருப் பக்கம் ஜன்னல் உள்ள அறையில் வயதானவர்களுக்குத் தூக்கம் வராது. உள்பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

தியாகராய நகர்: கல்யாணத்துக்குத் துணியும் நகையும் எடுப்பவர்களுக்கு ஏற்ற இடம். உஸ்மான் ரோடு, பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு எல்லாம் நடக்கும் தூரம். மாம்பலம் மின்சார ரயில் நிலையம் பக்கத்திலேயே. வாங்கிய மூட்டையை அறையில் போட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போகலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இங்கே நடக்கவும் இடம் இருக்காது!

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்: கோவிலும் கடலும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி பெருமாள், மயிலாப்பூரில் கபாலீசுவரர். இரண்டுக்கும் மெரினா பக்கம். ஒரு எச்சரிக்கை: திருவல்லிக்கேணியில் "மேன்ஷன்" என்று பெயர்ப் பலகை இருக்கும். அவை பெரும்பாலும் தனி ஆண்கள் தங்கும் இடங்கள். குடும்பத்துக்கு ஏற்றவை அல்ல.

பாரிமுனை: காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை வியாபாரம் செய்யும் சிவகாசி வட்டாரத்து முதலாளிகளுக்குத் தெரிந்த இடம். காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெரு இங்கேதான். ஹைகோர்ட்டும் இங்கேதான். வியாபாரத்துக்கும் வழக்குக்கும் தனியாக வருகிறவர் தங்கலாம். குடும்பத்தோடு வருகிறவருக்கு அவ்வளவு வசதி இல்லை.

அடையாறு, கிண்டி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அடையாறில் இருக்கிறது. இந்த நோய்க்கு வைத்தியம் ஒரு நாளில் முடியாது. வாரக் கணக்கில் ஆகலாம். லாட்ஜ் வாடகை கட்டுப்படி ஆகாது. "நோயாளியோடு வருகிறவர்கள் தங்க என்ன ஏற்பாடு?" என்று ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இறங்கும் நிலையம் எது?

தென் மாவட்ட ரயில்கள் பல, தாம்பரத்தில் நின்றுதான் எழும்பூர் போகின்றன. தாம்பரம், கிண்டி, அடையாறு பக்கம் வேலை என்றால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். சில நேரங்களில் ரயிலே தாம்பரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஒரே ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் ரயில் பிடிக்க வேண்டுமா? அப்போது மட்டும் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குவது சரி. பெரிய ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு. ரயில் டிக்கெட் இருந்தால் முன்பதிவு செய்யலாம்.

சென்னையில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. அம்மாவும் மகளும் காசில்லாமல் போகலாம். ஆகவே பஸ் நிறுத்தம் அருகில் இருக்கும் லாட்ஜாகப் பார்த்தால் அதுவும் ஒரு மிச்சம்தான்!

மாமா வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு?

நியாயமான கேள்வி. சொந்தக்காரர் வீடு அம்பத்தூரில் இருக்கிறது. ஆஸ்பத்திரி அடையாறில் இருக்கிறது. இரண்டும் சென்னைதான். ஆனால் இது ஒரு மூலை, அது ஒரு மூலை!

நோயாளியைத் தினமும் அவ்வளவு தூரம் அலைக்கழிக்கலாமா? அந்த வீட்டிலும் இரண்டு அறைதான் இருக்கும். அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

"கோபித்துக்கொள்வார்களே!" என்று பயப்படுகிறோம். புறப்படுவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டால் கோபம் வராது.

"மதினி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம்!"

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோடு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். உறவும் கெடாது, வைத்தியமும் கெடாது.

தெருவைப் பாருங்கள்!

பகுதியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. தெருவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் பெண்கள் குழந்தைகளோடு நடக்கிறார்களா? இரவு பத்து மணிக்கு ஒரு மருந்துக் கடையாவது, சாப்பாட்டுக் கடையாவது திறந்திருக்கிறதா? தெரு விளக்கு எரிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது குடும்பத்துக்கு ஏற்ற தெரு.

தீபாவளிக்குப் பிறகு போகிறவர்கள் நாலாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும். "மழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா?" அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு மழைக்காலம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் என்ன பாடு படுத்தியது என்று நாடே பார்த்தது. வேளச்சேரி போன்ற பள்ளமான பகுதிகளை அந்த மாதங்களில் தவிர்ப்பது நல்லது.

தேர்வுக்கோ வேலைக்கோ தனியாகப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசின் "தோழி" விடுதிகள் இருக்கின்றன. சில நாட்கள் மட்டும் தங்க இடம் கிடைக்குமா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன்

அறைக்குப் பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. வாடகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா?

2. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா? அல்லது மத்தியானம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? விடியற்காலையில் போய் இறங்குகிறவர்களுக்கு இது மிக முக்கியம். 12 மணிக் கணக்கு என்றால், சில மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போய்விடும்!

3. அறை எந்த மாடியில்? லிப்ட் வேலை செய்கிறதா?

4. கழிப்பறை மேல்நாட்டு முறையா, நம் ஊர் முறையா? முட்டி வலி உள்ள பாட்டிக்கு இதுதான் முதல் கேள்வி.

5. ஐந்தாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் உண்டா?

ஆதார் போன்ற அடையாள அட்டையைப் பெரியவர்கள் எல்லோரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் அறை கொடுக்க மாட்டார்கள்.

கூட்டத்திலே யார் பலவீனமானவரோ, அவரை நினைத்து அறை எடுங்கள். பாட்டிக்கு வசதியான அறை எல்லோருக்கும் வசதியாக இருக்கும். அப்பாவுக்கு வசதியான அறை பாட்டிக்கு ஆகாமல் போகலாம்!

தேர்ந்தெடுக்க நேரமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் திட்டம் போட்டுப் போகிறவர்களுக்கு.

திட்டம் போடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வருகிறது. காயம்பட்டவரை ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். மனைவி கட்டிய சேலையோடு பின்னால் ஓடுகிறாள். கையில் பணம் இல்லை. மாற்றுத் துணி இல்லை. தீக்காயம் ஆற வாரங்கள் ஆகும். அதுவரை அவள் எங்கே தங்குவாள்?

"எந்தப் பகுதியில் தங்குவது?" என்று அவளால் யோசிக்க முடியுமா? வராந்தாதான் அவளுக்கு வீடு. மரத்தடிதான் சமையல்கட்டு.

நம் முன்னோர்கள் இதை யோசித்தார்கள். வழிப்போக்கர்களுக்காகச் சத்திரங்கள் கட்டினார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஒரு ராணியின் பெயர் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. காரணம், ஊர் தெரியாமல் வந்தவன் எங்கே படுப்பான் என்று கவலைப்பட்டவள் அவள்!

பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய மண், விருதுநகர் மண். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் கொடுத்த செல்வம் சிவகாசி வட்டாரத்தில் இருக்கிறது. ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் ஒன்றுகூடினால், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பத்து அறை கொண்ட ஒரு தங்குமிடம் நடத்த முடியாதா? விபத்தில் சிக்கிய தொழிலாளியின் குடும்பம் அங்கே காசில்லாமல் தங்கட்டும். பெண்கள் குளிக்க மறைவான இடமும், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும் இருந்தால் போதும்.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். நோயாளியோடு வருகிறவர்களுக்கு எங்கே இடம் உண்டு, கட்டணம் எவ்வளவு, யாரைக் கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை, சிவகாசி அரசு ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கட்டும். ஆம்புலன்ஸ் புறப்படும் இடத்திலேயே அந்த விவரம் தெரிந்தால், மதுரையில் போய் வராந்தா வராந்தாவாக அலைய வேண்டாம் அல்லவா?

பலகை வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஒரு காகிதம் எடுங்கள். மதுரையிலும் சென்னையிலும் நம்பிக்கையான லாட்ஜ் எது, சொந்தக்காரர் யார், அவர்கள் போன் எண் என்ன என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகும்போதும் அது உதவும். ஆபத்தான நேரத்தில் அதைவிட அதிகம் உதவும்!